மறு: குவி பரிணாமம் – சொல் பொருந்துகிறதா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்குத் தமிழில் உயிரியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் பலகையில் 'குவி பரிணாமம்' (convergent evolution: நெருங்கிய உறவில்லாத உயிர்கள் தனித்தனியாக ஒரே மாதிரி அமைப்பைப் பெறுவது) என்று எழுதியதும் ஒரு பெண், "அப்ப சுறாவும் டால்பினும் கடைசியில ஒரே பிராணியா ஆயிடுமா சார்?" என்றாள். கோளாறு சொல்லில்தான். குவிவில்லை படித்தவளுக்குக் குவிதல் என்றால் கதிர்கள் ஒரு புள்ளியில் சேர்வது.

தாதர் ரயில் நிலையத்தை வைத்துச் சமாளித்தேன். வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டில் கிளம்புகிறது, சென்ட்ரல் லைன் சிஎஸ்எம்டி நிலையத்தில். தாதரில் இரண்டும் அக்கம்பக்கம் நிற்கின்றன, அதற்காக ஒரே லைனாகிவிடுவதில்லை. சுறா மீன், டால்பின் பாலூட்டி. நீரைக் கிழித்துப் போகும் உடம்பு இரண்டுக்கும் தனித்தனியாக வாய்த்தது. வாலைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: சுறா பக்கவாட்டில் வீசும், டால்பின் மேலும் கீழும் அடிக்கும்.

எறும்புதின்னி இன்னும் நல்ல உதாரணம். நம் காட்டு அழுங்கையும் அப்படித்தான் சொல்கிறோம், தென் அமெரிக்க விலங்கையும் அப்படித்தான். இரண்டுக்கும் பல் கிடையாது, நாக்கு நீளம், பசை வேறு. ஆனால் அழுங்கு, பூனை நாய்க் கூட்டத்துக்கு நெருக்கம். மற்றது, மரத்தில் தொங்கும் ஸ்லாத்துக்குச் சொந்தம்.

ஆகவே குவி பரிணாமத்துக்குப் பதிலாக என் பரிந்துரை: வேற்றுவழி ஒப்பு. 'வழி' பாதையையும் குறிக்கும், தாய்வழி தந்தைவழி என்கிற கால்வழியையும் குறிக்கும். நம் கை, வௌவால் இறக்கை, டால்பின் துடுப்பு மூன்றுக்கும் அடிப்படை எலும்பமைப்பு ஒன்றே. ஒரே மூதாதையிடமிருந்து வந்ததால் அது மரபுவழி ஒப்பு. ('ஒருவழி ஒப்பு' என்றால் டிராஃபிக் போர்டு ஞாபகம் வருகிறது.) வௌவாலும் பறவையும் முன்னங்கால் என்ற அளவில் மரபுவழி, இறக்கை என்ற அளவில் வேற்றுவழி.

— மாட்டுங்காவிலிருந்து

ஐயா,

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் குவியைத் துரத்த வேண்டாம். கை குவித்துக் கும்பிடும்போது இரண்டு கையும் ஒன்றாகிவிடுகிறதா என்ன? தவிர, நீங்கள் பெயர் வைத்தது விளைவுக்கு, நிகழ்வுக்கு இல்லை. 'வேற்றுவழி ஒப்புப் பரிணாமம்' என்று நாலு தரம் சொன்னால் நமக்கும் எறும்புதின்னி நாக்குதான் வேண்டியிருக்கும். நிகழ்வு குவி பரிணாமமாகவே இருக்கட்டும், அதில் விளைவது வேற்றுவழி ஒப்பு. சரியா?

அப்புறம், விலங்கோடு நிறுத்தாமல் கள்ளியையும் காட்டுங்கள். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது, சதுரக்கள்ளி நம் ஊர்ச் செடி. தோற்றத்தைப் பார்த்து இரண்டையும் கள்ளி என்றுவிட்டோம். கீறினால் பால் வடிவது சதுரக்கள்ளியில் மட்டும்.

— செம்பூரிலிருந்து