மறுமொழி: “தேமலுக்குப் பூசுவதா, சேர்?”

அன்பின் அண்ணை,

உடலின் ஓமோன்களைக் குழப்பும் மாசுகளைப் பூஞ்சையைக் கொண்டு நீக்கும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதற்கு நீங்கள் தந்த ‘பூஞ்சை மருத்துவம்’ என்ற சொல்லை இங்கே திருகோணமலையில் என் உயர்தர வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒருவன், “தேமலுக்குப் பூசுவதா, சேர்?” என்றான். அத்தோடு அந்தச் சொல் முடிந்தது.

அந்த மாசுகளுக்கு ‘ஓமோன் அழிப்பான்’ என்பதும் சரிவராது. பிளாஸ்டிக் செய்ய உதவும் பிஸ்பீனோல் ஏ எந்த ஓமோனையும் அழிப்பதில்லை. பெண் ஓமோனான ஈஸ்திரோஜனுக்குரிய ஏற்பியில் (அந்த ஓமோன் பொருந்தும் பூட்டில்) கள்ளச்சாவி போலப் பொருந்தி, இல்லாத சேதியைச் சொல்கிறது. வேறு சில மாசுகள், பூட்டின் துவாரத்தையே அடைத்துவிடும். இரண்டுக்கும் ‘ஓமோன் குழப்பி’ போதும். துறைமுக ஊர்க்காரன் எனக்கு இன்னொரு உதாரணமும் உண்டு: கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் பூசிய ட்ரைபியூட்டைல் வெள்ளீயம், கடலில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்க வைத்தது. அதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இனி பங்கசு (நீங்கள் சொல்லும் பூஞ்சை). மரத்தை வெள்ளையாக உக்கச் செய்யும் இனங்கள் (நாம் கறி வைக்கும் சிப்பிக் காளானும் இதில் சேர்த்தி) மரத்துக்கு உறுதி தரும் இலிக்னினை உடைக்க லக்கேசு போன்ற நொதியங்களை (என்சைம்களை) உடலுக்கு வெளியே விடுகின்றன. இலிக்னின் ஒழுங்கற்ற சிக்கல் என்பதால், அந்த நொதியங்களும் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. பிஸ்பீனோல் ஏ போன்ற மாசில் பீனோல் வளையம் அகப்பட்டால் அதையும் ஒருகை பார்க்கும். ஆகவே இம்முறையை ‘பங்கசு உண்ணல்’ என்பது பிழை. அதன் சாப்பாடு மரம், மாசு இடையில் மாட்டியது.

‘சிதைப்பு’ என்று போட நினைத்தேன். அதிலும் ஒரு கொளுக்கி: லக்கேசு பல பீனோல்களை வெட்டுவதற்குப் பதில் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய கட்டியாக்கிவிடும். அந்தக் கட்டி பழைய பூட்டுக்குள் நுழையாது. சிதையவில்லை, ஆனால் நஞ்சு போய்விட்டது. விஷமுறிவு என்று ஊரில் சொல்வது இதைத்தானே? என் முன்மொழிவு: ‘பங்கசு நஞ்சுமுறிப்பு’.

—

தம்பி,

முறிப்பு நல்ல சொல், எடுத்துக்கொள்வோம். ஆனால் பங்கசு என்றால் அக்கரை (தமிழ்நாட்டு) வாசகருக்கு ஒன்றும் விளங்காது. பூஞ்சணம் என்றால் மாரியில் செருப்பில் பூக்குமே, அதுதான் ஞாபகம் வரும். ‘பூஞ்சை நஞ்சுமுறிப்பு’ என்றே பதிவோம். தேமல்காரன் திரும்பக் கேட்டால் பதில் சொல்வது உம்முடைய பொறுப்பு.