கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் படம் எடுத்தவர்கள் சொல்லுங்கள்

சரி, நானே தொடங்குகிறேன். அத்தை வீட்டுப் பூஜை அறையில் ஒரு பழைய தஞ்சாவூர் ஓவியம், தவழும் கிருஷ்ணன். அதைப் பெரிதாக அச்சடித்துத் தன் வீட்டில் மாட்ட வேண்டும் என்று அத்தை மகளுக்கு ஆசை. சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடியைக் கழற்றலாமா என்று கேட்டேன். அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

எல்லோரும் போலரைசர் போடு என்பார்கள், லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் வடிகட்டி அது. பக்கவாட்டில் ஏறக்குறைய 55 டிகிரி விலகி நின்றால் அது மாயம்தான், பிரதிபலிப்பு கழுவிவிட்டாற்போல் போய்விடும். நேருக்கு நேர் நின்றால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஓவியத்தையோ நேராக நின்றுதான் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சட்டம் கோணிக்கொள்ளும்.

சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான். ஆனால் எதிரே வெள்ளைச் சுவரும் டியூப் லைட்டும் இருந்தால், ஓவியத்தின் அடர் சிவப்புப் பின்னணியை மறைக்க அதுவே போதும். ஆகவே கண்ணாடியை விட்டுவிட்டு அதன் எதிர்ப்பக்கத்தை இருட்டாக்கினேன். மாமாவின் சபரிமலைக் கறுப்பு வேட்டிகள் இரண்டைக் கொடியில் தொங்கவிட்டு, நடுவே இருந்த இடுக்கில் லென்ஸை மட்டும் நீட்டினேன். விளக்கெல்லாம் அணைத்தாயிற்று, வெளிச்சம் பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும்.

கண்ணாடி காணாமலே போனது. கூடவே தங்கமும் போனது! தங்க ரேக்கும் ஒரு கண்ணாடிதானே, எதிரே கறுப்பு இருந்தால் கறுப்பைத்தான் காட்டும். கிரீடமும் தூண்களும் பாசி பிடித்த பித்தளைபோல் தெரிந்தன. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், சட்டத்தின் ஓரத்தை ஒட்டி, அத்தையை ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடிக்கச் சொன்னேன். அது லென்ஸுக்குக் கண்ணாடியில் தெரியாத கோணம். ஆனால் ரேக்கின் அடியில் மேடாக வேலை செய்திருப்பதால் அந்த விளிம்புகள் அட்டையின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டன. அத்தை அட்டையைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு தூண் பளிச்சிடும், இன்னொன்று மங்கும். எனக்குப் பொறுமை தீர்ந்த பிறகும் அத்தை விடவில்லை, “இன்னும் அந்தக் கல்லு ஜொலிக்கல” என்று தானே இயக்குநர் ஆகிவிட்டார்.

*

அண்ணா, வேட்டி யோசனை அருமை. என் அனுபவம் விமானத்தில். போலரைசரை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்தால் ஒரே வானவில் பட்டைகள். அந்த ஜன்னல் பிளாஸ்டிக், அதற்குள் இருக்கும் இறுக்கத்தைப் போலரைசர் நிறமாகக் காட்டிவிடுகிறது. கழற்றிவிட்டுப் போனை ஜன்னலருகே வைத்து, சுற்றிலும் துப்பட்டாவைப் போர்த்தி எடுத்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

*

கிண்டி பாம்புப் பண்ணையில் எனக்குப் பெரிய தொல்லை பிரதிபலிப்பு இல்லை, விரல் ரேகை. குழந்தைகள் கை வைத்த இடத்திலேயே ஆட்டோஃபோகஸ் போய் நின்றது. லென்ஸின் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியில் மெதுவாகப் பதித்து, ஃபோகஸைக் கையால் திருப்பி, லென்ஸின் துளையை f/2.8-க்கு அகலமாகத் திறந்ததும் அழுக்கு கரைந்துவிட்டது. ஹூட் பதியும் இடத்தை மட்டும் முதலில் கைக்குட்டையால் துடைத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் அதுவே வெள்ளை வட்டமாக விழும்.