குறுக்குவடமா, இணைமாற்று வடமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலுள்ள இரண்டு கணினிகளை இணைத்துக் கோப்புகளையும் இணையத்தையும் பகிர்ந்துகொள்வது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுத முற்பட்டால், முதல் பக்கத்திலேயே ஒரு சொல் தேவைப்படுகிறது. இடையில் கணினிகளை இணைக்கும் பெட்டிகளான சுவிட்சோ திசைவியோ (ரவுட்டர்) இல்லாமல் இரு கணினிகளை நேரடியாகப் பிணைக்கும் ‘கிராஸ்ஓவர் கேபிள்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? குறுக்குவடம், தலைகீழ் வடம், மாற்றுவடம் என்ற மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஏன் என்று சொல்வதற்குமுன், அந்த வடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

கணினிகளை வலையில் இணைக்கும் ஈத்தர்நெட் வடத்தில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கின்றன. வினாடிக்கு 10 அல்லது 100 மெகாபிட் வேகத்தில் இயங்கும் வலை அட்டை (கணினியில் இவ்வடத்தைச் செருகும் பகுதி), இவற்றில் இரண்டு இணைகளை மட்டுமே பயன்படுத்துகிறது; 1, 2 ஆகிய எண்ணுள்ள கம்பிகள் வழியாக அனுப்புகிறது, 3, 6 ஆகிய எண்ணுள்ள கம்பிகள் வழியாகப் பெறுகிறது. சுவிட்சின் வாயிலில் (வடம் செருகும் துளையில்) இந்த அமைப்பு ஏற்கெனவே மாறியிருப்பதால், கணினியிலிருந்து அதற்குச் செல்ல, இருமுனையிலும் கம்பிகள் ஒரே வரிசையில் உள்ள நேர்வடம் போதும். இரு கணினிகளை நேர்வடத்தால் இணைத்தாலோ, இருபுறமும் ஒரே கம்பியில் பேச முனைகின்றன. கேட்பதற்கான கம்பியில் எதுவும் வருவதில்லை. ஆகவே வடத்தின் ஒரு முனையைச் செம்மஞ்சள் இணை முதலில் வரும் டி568பி என்ற நிறவரிசை முறையிலும், மறுமுனையைப் பச்சை இணை முதலில் வரும் டி568ஏ முறையிலும் செருகியில் பொருத்துகிறோம். நீலமும் பழுப்பும் தத்தம் இடத்திலேயே இருக்க, பச்சையும் செம்மஞ்சளும் மட்டும் இடம் மாறிக்கொள்கின்றன.

இந்த இடமாற்றத்தைக் ‘குறுக்கு’ என்ற சொல் காட்டவில்லை. வடமே குறுக்காகக் கிடப்பதாகத்தான் அது பொருள் தரும். குறுக்குவழி என்ற சொல்லுக்குக் கணினியில் வேறு வேலையும் இருக்கிறது. ‘தலைகீழ் வடம்’ என்பதோ தவறான பொருளையே தந்துவிடும். ஒன்று எட்டாகவும் எட்டு ஒன்றாகவும் முழு வரிசையும் திரும்பிவிடும் வடம் வேறு. திசைவிகளின் கட்டுப்பாட்டு வாயிலில் செருகும் அந்த வடத்துக்கே இந்தப் பெயர் பொருந்தும். ‘மாற்றுவடம்’ என்று கடையில் கேட்டால், பழுதானதற்குப் பதிலாக இன்னொன்று என்று எடுத்துத் தருவார்கள்.

நான் முன்வைப்பது ‘இணைமாற்று வடம்’. செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறையைப் பொருள்கோள் என்பர்; நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் ஒன்று மொழிமாற்று. ‘சுரையாழ அம்மி மிதப்ப’ என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டைப் பலரும் பள்ளியில் படித்திருப்போம். சுரை ஆழாது, அம்மி மிதக்காது. இரு வினைகளையும் இடம் மாற்றிக்கொண்டால் ஒவ்வொன்றும் தனக்குரியதோடு சேர்ந்து பொருள் தருகிறது. நம் வடத்திலும் நடப்பது இதுவே: அனுப்பும் இணை பெறும் இணையோடு சேர்கிறது. தனித்து நிற்கும் ‘மாற்று’ பதிலி என்ற பொருளைத் தந்தாலும், பண்டமாற்று என்பதில் போலப் பெயர்ச்சொல்லை அடுத்து வரும்போது ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குவதையே குறிக்கிறது. இணை என்பதை இணைப்பு என்று கொள்ள இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இணைபிரியாத என்று சொல்லும் எவருக்கும் இணை என்றால் இரட்டை என்பது தெரிந்ததே.

இன்றைய அட்டைகள் எதிர்முனையைத் தாமே அறிந்து கம்பிகளை மாற்றிக்கொள்கின்றன. கிகாபிட் வேகத்தில் நான்கு இணைகளும் இருதிசையிலும் இயங்குகின்றன. எனவே இச்சொல்லே தேவையில்லை என்று ஒருவர் வாதிடக்கூடும். அந்தத் திறனுக்கும் ஒரு பெயர் வேண்டுமல்லவா? ‘தானியங்கு இணைமாற்று’ என்றால் போதும். குறுக்குவடத்திலிருந்து இப்படி ஒரு கிளைச்சொல் எளிதில் பிறக்காது.

இணையத்தைப் பகிரும் கணினிக்கு ‘வாயிற்கணினி’ என்ற முன்மொழிவை முழு மனத்தோடு ஏற்கிறேன். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. பகிரும் கணினி 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, மற்றதற்குத் தானே ஒரு முகவரியை வழங்கியது. ஆனால் மற்றக் கணினியின் தகவலை இணையத்துக்கு அனுப்பும்போது, வீட்டுக்குள் மட்டும் செல்லும் உள்முகவரியை நீக்கி, இணையத்தில் செல்லும் பொதுமுகவரியை வாயிற்கணினி இடும் செயலை ‘முகவரிமாற்று’ என்பது சரியன்று. அங்கே இரண்டும் இடம் மாறிக்கொள்வதில்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வைக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பை ஒட்டி அதை ‘முகவரிப் பெயர்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றை ஏற்றால் கையேட்டின் தொடக்கம் இப்படி அமையும்: “இரு கணினிகளின் வலை அட்டைகளையும் இணைமாற்று வடத்தால் பிணைத்து, இணையத்தொடர்பு உள்ளதை வாயிற்கணினியாக அமைக்கவும்.” வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.