எடை குறைஞ்ச பாயிண்ட் 22 ரிவால்வர்ல குறி ஏன் சிதறுது?

வணக்கம் நண்பர்களே. ரேஞ்ச்ல பிராக்டிஸ் பண்ண ஒரு குட்டி பாயிண்ட் 22 ரிவால்வர் வாங்கினேன், அலுமினியம் ஃப்ரேம், ரெண்டு இஞ்ச்கூட வராத பேரல், எட்டு ரவுண்டு. என்னோட ஆறு இஞ்ச் ஸ்டீல் ரிவால்வர்ல 10 மீட்டர்ல எல்லாமே இலக்கோட கருப்பு வட்டத்துக்குள்ள விழும், இதுல அதே தூரத்துல தட்டு அளவுக்குச் சிதறுது, பாதி இடது பக்கம் கீழ போகுது. உதையே இல்லாத துப்பாக்கி இது, அப்புறம் ஏன்? பேரல் குட்டையா இருந்தா தோட்டா நேரா போகாதா?

குறிக்காரன்:
பேரலை விடுங்க, குட்டை பேரல்ல வேகம்தான் குறையும். ட்ரிகரைப் பாருங்க. பாயிண்ட் 22 ரிம்ஃபயர் வகை, அதுல தீப்பத்த வைக்கிற மருந்து தோட்டா கேஸோட விளிம்புக்குள்ள இருக்கு, அந்த விளிம்பை நசுக்கணும்னா ஹாமர் (துப்பாக்கியோட சுத்தி) ஓங்கி அடிக்கணும், அதுக்கு ஸ்பிரிங் கட்டியா போட்டிருப்பாங்க, அதனால ட்ரிகரை இழுக்கும்போதே ஹாமரும் பின்னால போய் அடிக்கிற டபுள் ஆக்‌ஷன்ல இழுக்க 5 கிலோவுக்கு மேல பலம் வேணும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 317 மாதிரி துப்பாக்கி 350 கிராம்கூட வராது. தன் எடையைவிடப் பத்து மடங்குக்கு மேல இழுக்கும்போது அது கையில ஆடாம எப்படி நிக்கும்? ஸ்டீல் துப்பாக்கில அந்த ஆட்டத்தை எடையே அடக்கிடும். வலது கைக்காரங்களுக்கு இடது கீழன்னா பெரும்பாலும் விரலோட சேர்ந்து மொத்தக் கையும் இறுகுதுன்னு அர்த்தம்.

சாந்தி_ரேஞ்ச்:
மேல சொன்னது சரி, கூடவே சைட் (குறி பார்க்கிற முனை) தூரமும் இருக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் 10 சென்டிமீட்டர்தான் இடைவெளின்னா, 1 மில்லிமீட்டர் விலகினாலே 10 மீட்டர்ல 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், இடைவெளி 20 சென்டிமீட்டரா இருந்தா அதுல பாதிதான். நான் சின்ன பிடியை மாத்தி சுண்டு விரலும் உக்கார்ற மாதிரி ரப்பர் பிடி போட்டேன், அதுக்கப்புறம்தான் கை நிலைச்சுது.

பழைய_தோட்டா:
முதல்ல மணல் மூட்டை மேல வச்சு, ஹாமர் வெளிய இருந்தா அதைக் கையால பின்னுக்கு இழுத்து வச்சு சிங்கிள் ஆக்‌ஷன்ல சுட்டுப் பாருங்க, கோளாறு துப்பாக்கியிலயா கையிலயான்னு அப்பவே தெரிஞ்சிடும். நாலஞ்சு பிராண்ட் தோட்டா மாத்திப் பாருங்க, பாயிண்ட் 22 ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒண்ணுதான் ஒத்துக்கும். சிலிண்டர்ல தோட்டா போடற அறைகளுக்கு மார்க்கர்ல நம்பர் போட்டு எந்த அறை எங்க அடிக்குதுன்னு குறிச்சுக்கங்க, ஒரே ஒரு அறை மட்டும் தள்ளி அடிச்சா சிலிண்டர் பேரலோட நேரா நிக்குதான்னு கன்ஸ்மித்கிட்ட காட்டணும். வீட்ல காலியா ட்ரிகர் இழுத்துப் பழகறதா இருந்தா உள்ள மருந்தில்லாத டம்மி ரவுண்டு போட்டுட்டுப் பழகுங்க, இல்லன்னா ஃபயரிங் பின் அறை விளிம்பையே அடிக்கும்.

கேட்டவர்:
மூட்டை மேல வச்சு சிங்கிள் ஆக்‌ஷன்ல சுட்டேன், எட்டும் உள்ளங்கைக்குள்ள விழுந்துச்சு! எந்த அறையும் தனியா தள்ளி அடிக்கல. அப்போ கைதான். பிடியை மாத்திட்டு டம்மி ரவுண்டோட தினமும் டபுள் ஆக்‌ஷன் பழகறேன், ரொம்ப நன்றி.