லெப்டோமைசின் போட்டும் என்பி புரதம் உட்கருவை விட்டு வெளியே வருகிறது

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். வைராலஜி தெரிந்தவர்கள் பாருங்கள்.

இன்ஃப்ளூயன்சா ஏ, பல ஆர்என்ஏ வைரஸ்களைப் போலல்லாமல், உட்கருவுக்குள் போய்த்தான் தன் ஆர்என்ஏவைப் பெருக்கும். அதனால் வைரஸ் ஆர்என்ஏவோடு ஒட்டியிருக்கும் என்பி புரதம் முதலில் உட்கருவில் சேரும். அப்புறம் வைரஸ் ஆர்என்ஏவோடு சிஆர்எம்1 (உட்கருவிலிருந்து புரதங்களை வெளியே கொண்டுபோகும் செல்லின் புரதம்) வழியாக வெளியேறும். லெப்டோமைசின் பி என்ற மருந்து அந்த வழியை அடைக்க வேண்டும். எனக்கு அடைக்கவில்லை.

எம்டிசிகே செல்கள் (நாய் சிறுநீரக செல்கள்), பிஆர்8 வைரஸ் (இன்ஃப்ளூயன்சா ஏவின் ஆய்வக வகை), எம்ஓஐ 5 (ஒரு செல்லுக்குச் சராசரியாக 5 வைரஸ்). 4 மணி நேரத்தில் என்பி உட்கருவில் பளிச்சென்று தெரிகிறது, அதனால் என்பியைக் காட்டும் ஆன்டிபாடியில் கோளாறு இல்லை. 9 மணி நேரத்தில் மருந்து போட்ட கவர்ஸ்லிப்பும் (செல்கள் வளரும் கண்ணாடித் துண்டு) போடாததும் ஒன்றுபோல: சைட்டோபிளாசம் முழுக்க என்பி.

மருந்தை 10 நானோமோலாரிலிருந்து 20 ஆக்கினேன். தொற்றிய 3 மணி நேரம் கழித்துப் போடுவதற்குப் பதில் 1 மணி நேரத்திலேயே போட்டேன். ஸ்டெயின் செய்யப் பயன்படும் ட்ரைட்டான், பாராஃபார்மால்டிஹைடு எல்லாம் புதிதாகக் கலக்கினேன். மாற்றமே இல்லை.

மருந்து எத்தனாலில், மைனஸ் 20ல் இருந்தது. போன மாதம் ஃப்ரீசர் இரண்டு நாள் நின்றுபோனது. என் சந்தேகம் அதன்மேல்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் கைடு புதிது வாங்கித் தரமாட்டார்.

வைரஸே இல்லாமல், மருந்து வேலை செய்கிறதா என்று ஒரே நாளில் பார்க்க, அதே சிஆர்எம்1 வழியாக வெளியேறும் செல்லின் சொந்தப் புரதமான ரான்பிபி1ஐ ஸ்டெயின் செய்தால் போதுமா?