மண் கல் மூன்றாம் நாளே வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

உசிலம்பட்டிப் பக்கம் மகளிர் குழுவில் ஒன்பது பேர் சேர்ந்து, கையால் அழுத்தும் மிஷினில் மண் கல் அடிக்கிறோம். வைகாசியில் ஆரம்பித்தோம். முதல் ஆர்டர் 3,000 கல். மூன்றாம் நாளே ஓரத்தில் மயிரிழையாக வெடிப்பு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது.

கண்மாய் வண்டல், கரிசல் கலப்பு. பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் களிமண். சிமெண்டை 5 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினோம், காசுதான் கரைந்தது. சல்லடையை மாற்றினோம். நிழலில் அடுக்கி ஈரச் சாக்கும் போடுகிறோம். (இந்த ஆடிக் காற்றில் அது ஒரு மணி நேரம்கூட ஈரமாக நிற்பதில்லை, அது வேறு.)

வெளியிலிருந்து செம்மண் இறக்கினால் எங்கள் கூலி லோடு வாடகைக்கே போய்விடும்.

கரிசல் கலந்த மண்ணில் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பு போட்டு அடித்தவர்கள், எத்தனை சதவீதம் போட்டீர்கள்?