நர்ஸ் பிராக்டிஷனர் சங்கத்தில் தலைவருக்கு நிற்கலாமா? (ஹூஸ்டன் பக்கம்)

வைகைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. நர்சிங், இங்கே வந்து மாஸ்டர்ஸ். இப்போது ஹூஸ்டன் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளிகளைப் பார்த்து மருந்தும் எழுதும் மேற்படிப்பு படித்த நர்ஸ். சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று பொழுது ஓடுகிறது. எங்கள் வட்டார நர்ஸ் பிராக்டிஷனர் சங்கத்தில் அடுத்த தலைவருக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. இதுவரை யாரும் நிற்கவில்லையாம். எனக்கு ஆசை வந்துவிட்டது.

தயக்கமும் இருக்கிறது. மாதக் கூட்டத்துக்குப் போவேன், பேச்சைக் கேட்பேன், சாப்பிட்டுவிட்டுத் தொடர்கல்விச் சான்றிதழோடு வந்துவிடுவேன். அவ்வளவுதான், கமிட்டி எதிலும் இருந்ததில்லை. நான் மருந்து எழுதுவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் டாக்டர் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ தெரியவில்லை. வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "சம்பளம் உண்டா?" கிடையாது. பொறுப்பில் இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
நான் நர்ஸ் இல்லை. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொருளாளராக இருந்து நொந்தவன். போட்டியே இல்லாத தலைவர் பதவி என்றால் முதலில் கணக்கைப் பாருங்கள் சகோதரி. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சங்கம் வருமான வரித்துறைக்கு 990-என் என்ற சின்ன மின்படிவம் போட்டால் போதும். அதில் செலவு விவரம் ஒன்றுமே இருக்காது. அதனால் வங்கி அறிக்கையையே கேளுங்கள். துணைவிதிகளையும், நிர்வாகிகளுக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா, நைசாக நழுவிவிடுங்கள்.

டாலஸ் அக்கா:
கணக்குப்பிள்ளை சொன்னது சரி. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ஆசையை விடாதீர்கள் தங்கச்சி, ஆனால் இந்த வருடம் தலைவர் நாற்காலி வேண்டாம். சங்கத்தின் சார்பில் சட்டமன்ற வேலையைப் பார்க்கும் சட்டக் கமிட்டியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வட்டாரச் சங்கங்களில் தலைவரின் வேலை மண்டபம் பிடிப்பது, பேச்சாளர் பிடிப்பது, சாப்பாட்டுக்கு மருந்துக் கம்பெனியைப் பிடிப்பது. ஒரு வருடம் அதிலேயே கரைந்துவிடும், யார் நீங்கள் என்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் ஒருவருக்கும் தெரியாது.

டெக்சஸில் நம் சங்கத்துக்கு உயிரே ஆஸ்டினில்தான். சாதாரணக் கிளினிக்கில் டாக்டர் ஒப்பந்தம் இல்லாமல் நாம் மருந்து எழுத முடியாது. 2013 சட்டப்படி ஒரு டாக்டர் முழுநேரக் கணக்கில் ஏழு பேர் வரை ஒப்பந்தம் போடலாம். இதை மாற்றச் சொல்லி நாம் கேட்பதும், டாக்டர்களின் சங்கமான டெக்சஸ் மெடிக்கல் அசோசியேஷன் எதிர்ப்பதும் வாடிக்கை. சட்டமன்றம் கூடுவதே ஒற்றைப்படை ஆண்டுகளில்தான், ஜனவரியில் தொடங்கி 140 நாள். அதை விட்டால் அடுத்த இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். சட்டக் கமிட்டியில் இருப்பவருக்கு அந்தச் சமயத்தில் மாநிலச் சங்கத்து ஆட்களோடு தினமும் பேச்சு இருக்கும். பழக்கம் அப்படித்தான் வரும்.

சட்டமன்றக் கமிட்டியின் விசாரணைக்குப் போனால் அங்கே திரையில் பெயரைப் பதிய வேண்டும்: ஆதரவா, எதிர்ப்பா, பொதுவாகப் பேசவா என்று கேட்கும். அப்புறம் காத்திருப்புதான். நான் காலையில் போய் உட்கார்ந்தேன், பெயரைக் கூப்பிடும்போது வெளியே இருட்டிவிட்டது. பேசக் கிடைப்பதோ இரண்டு மூன்று நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர் புள்ளிவிவரமாக அடுக்கினார், உறுப்பினர் ஒருவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஒப்பந்த டாக்டர் ஓய்வு பெற்றதும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நின்ற ஒரு நர்ஸ் பிராக்டிஷனரைப் பற்றியும், அவரிடம் இன்சுலின் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பற்றியும் நான் சொன்னேன். அப்போதுதான் அந்த உறுப்பினர் தலையைத் தூக்கினார்.

உங்கள் டாக்டர் விஷயம் விளையாட்டில்லை. அவர் கையெழுத்தை எடுத்துவிட்டால் வேறு டாக்டர் கிடைக்கும்வரை உங்கள் பேனா ஓடாது. பெயர் கொடுப்பதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். மெயிலில் வேண்டாம். எங்கே பேசினாலும் சொந்தப் பெயரில் பேசுங்கள், கிளினிக் பெயரை இழுக்காதீர்கள். அதையும் அவரிடம் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும், அவருக்கும் உங்களுக்கும்.

இன்னொன்று. வட்டாரச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியச் சங்கமான ஏ.ஏ.என்.பி. மூன்றும் தனித்தனி, சந்தாவும் தனித்தனி. ஏ.ஏ.என்.பி. நாட்டைப் பதினொரு மண்டலமாகப் பிரித்திருக்கிறது. ஆர்கன்சா, லூசியானா, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமாவோடு நாம் ஆறாவது. நாளைக்கு அங்கே மண்டல இயக்குநர் தேர்தலில் நின்றால், உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு யார் சாப்பாடு ஏற்பாடு செய்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அல்புகர்க்கி ஆள்:
இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லை தாண்டி நியூ மெக்சிகோ வந்துவிடுங்கள். இங்கே ஒப்பந்தமும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. 🙂

டாலஸ் அக்கா:
எல்லோரும் அங்கே ஓடிவிட்டால் இங்கே சண்டை போடுவது யார் தம்பி?

வைகைக்காரி:
அக்கா, டாக்டரிடம் இன்று மதியம் பேசிவிட்டேன். "என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லாதவரை சரி" என்று சிரித்தார். சட்டக் கமிட்டிக்கே பெயர் கொடுக்கிறேன். அறிமுகக் குறிப்பு இப்படித் தொடங்குகிறது, பாருங்கள்: "அர்ப்பணிப்பும் ஆர்வமும் மிக்க நான், நம் தொழிலின் வளர்ச்சிக்காக உழைக்க விரும்புகிறேன்."

டாலஸ் அக்கா:
இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், நிற்கிற எல்லோரும் இதைத்தான் எழுதுவார்கள். உங்கள் கிளினிக்குக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், நீங்கள் இல்லாவிட்டால் எங்கே போவார்கள், இதிலிருந்து தொடங்குங்கள். அடுத்த வரியில் உங்கள் தொகுதி உறுப்பினர் பெயரும், அவர் அலுவலகத்துக்குப் போய்ப் பேசத் தயார் என்பதும். மதுரையையும் சேருங்கள், இரண்டு நாட்டிலும் படித்தவர் என்பது சாதாரண விஷயமில்லை. நூறு சொல்லுக்குள் முடித்து, அனுப்புவதற்கு முன் இங்கே போடுங்கள்.

வைகைக்காரி:
இரவு டியூட்டி இல்லை, இன்றைக்கே எழுதிவிடுகிறேன். வீட்டுக்காரர் இப்போது "பெட்ரோல் காசாவது தருவார்களா?" என்கிறார்.